தேடிப் பார்த்ததில் கிடைக்கவில்லை

போன வாரம் கவிதா போன் பண்ணா. நான் ரிடையர் ஆகறப்ப எனக்குப் பக்கத்து சீட்ல இருந்த பொண்ணு. இப்ப அவளே சீனியர். "மேடம், சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க. ஃபைலு, கட்டு, தூசுன்னு நீங்க பட்ட கஷ்டத்தை எல்லாம் எழுதுங்க. எங்களுக்கு அந்தக் கவலையே இல்ல மேடம். கம்ப்யூட்டர்ல தேடற பெட்டில வார்த்தையைப் போட்டா வந்துடுது. வரலைன்னா இல்லைன்னு அர்த்தம், அவ்ளோதான்"னா.

வரலைன்னா இல்லைன்னு அர்த்தமாம்! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அடுப்புல பால் பொங்கி வழியறது கூடத் தெரியாம அவளைக் கால் மணி நேரம் திட்டினேன். அவ பொறுமையாக் கேட்டுட்டு, "சரி மேடம், இதையே எழுதிக் குடுத்துடுங்க"ன்னு வெச்சிட்டா. சாமர்த்தியக்காரி. அதனால எழுதறேன். எங்க டிபார்ட்மெண்ட் பேரு மட்டும் வேணாம், பென்ஷன் அங்கேந்துதான் வருது.

1989ல மாவட்டம் பிரிஞ்சப்ப டைப்பிஸ்டா சேர்ந்தேன். டவுனுக்குள்ள ஒரு வாடகைக் கட்டடம். வேலூர்லேந்து லாரில வந்து இறங்கின கட்டுங்களைப் பிரிச்சு அடுக்கறதுலயே முதல் வருஷம் போச்சு. டைப் அடிக்க வந்தவளை செக்‌ஷன் வேலைல போட்டு, பரீட்சை எழுத வெச்சு, அசிஸ்டெண்ட் ஆக்கிட்டாங்க. பயிற்சின்னு சொல்லணும்னா அதான் பயிற்சி, அதைப் பத்திப் பேச ஒண்ணும் இல்ல.

ஒண்ணே ஒண்ணு சொல்லணும். ஒரு விஷயத்தைப் பத்தி மேலேந்து வர்ற ஒவ்வொரு உத்தரவையும், ஒவ்வொரு விளக்கக் கடிதத்தையும் தேதி வாரியா சேர்த்துக் கட்டி, முன்னாடி ஒரு பட்டியல் எழுதி வெச்சிருப்போம். ஸ்டாக் ஃபைல்னு பேரு. எந்த மனு வந்தாலும் அதைப் பாத்துத்தான் பதில். பேப்பர் காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரல. எலி கடிச்சது, மழைல ஊறினது, தனக்கு ஆகாத உத்தரவை நைசாக் கிழிச்சு எடுத்துட்டுப் போன மகராசனுங்க, எல்லாத்தையும் பாத்திருக்கேன்.

அதை எல்லாம் மீறி வேலை ஒழுங்கா நடந்ததுக்குக் காரணம் எங்க சூப்ரண்ட் ஞானசேகரன் சார். செக்‌ஷனுக்குத் தலைவர். ஒல்லியா, எப்பவும் வெள்ளை அரைக்கைச் சட்டை. ஃபைல்ல குறிப்பு, அதாவது நோட்டு, எழுதி எடுத்துட்டுப் போனா தலையே நிமிர மாட்டாரு. "ஏம்மா, பக்கம்?" அவ்ளோதான் பேச்சு. எந்த உத்தரவை வெச்சு எழுதினோமோ அந்தப் பக்கத்துல துண்டுச் சீட்டு, அதாவது ஃப்ளாக், குத்தி வெச்சிருக்கணும். ஸ்டீல் ஸ்கேலை அந்த வரிக்குக் கீழ வெச்சு, உதடு அசையாம ரெண்டு தடவை படிப்பாரு. அப்புறம்தான் பேனா மூடியைக் கழட்டுவாரு. ஒரு தடவை நான், "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார்"னு சொல்லிட்டேன். "அப்ப உன் ஞாபகத்துக்கு ஒரு ஃப்ளாக் வெச்சுக் கொண்டா"ன்னாரு. செக்‌ஷனே சிரிச்சுது. எனக்கு அழுகை வந்துடுச்சு.

இருக்குன்னு சொல்லத்தான் ஃப்ளாக். இல்லைன்னு சொல்லணும்னா இன்னும் மோசம். முழுக் கட்டையும் தூக்கிட்டு வந்து அவர் மேஜை மேல வெக்கணும். அவரே முதல் தாள்லேந்து கடைசித் தாள் வரைக்கும் புரட்டுவாரு. நாம பக்கத்துல நிக்கணும். கால் கடுக்கும். மனசுக்குள்ள அவரைத் திட்டாத நாளே கிடையாது.

இந்த வழக்கம் எப்ப போச்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆபீஸ் வேங்கிக்கால் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போய், கம்ப்யூட்டர் வந்து, அப்புறம் தலைமை ஆபீஸ்லேந்து ஒரு சி.டி. வந்தப்ப போச்சு.

அந்த சி.டி.ல எல்லா உத்தரவும் ஒரே தொகுப்பா இருந்துச்சு, ஆயிரத்துச் சொச்சம் பக்கம். முன்னாடி அழகா ஒரு பொருளடக்கம் கூடப் போட்டிருந்தாங்க. அதை யாராவது பாத்தாங்களா? ஒருத்தரும் பாக்கல. புஸ்தகம் கைல இருந்தா விரல் தானாப் பட்டியலுக்குப் போகுது. திரைல வந்துட்டா என்ன ஆகுதோ, ஒருத்தர் முதல் பக்கத்துலேந்து மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கிட்டே இருக்காரு, ஒருத்தர் முப்பதாம் பக்கத்துல கண்ணு வலிக்குதுன்னு டீ குடிக்கப் போறாரு, ஒருத்தர் எல்லாத்தையும் பிரிண்ட் எடுங்கங்கறாரு. ஆயிரம் பக்கத்தையும்!

கூத்தைக் கேளுங்க. ஒரு உத்தரவு இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம்னு பொருளடக்கத்துல ஒருநாள் நானே பாத்தேன். மேல இருக்கற பெட்டில 212ன்னு அடிச்சா, நூத்தித் தொண்ணூத்தி நாலாம் பக்கம் வந்து நிக்குது. அட்டை, முன்னுரை, பொருளடக்கம் எல்லாம் சேர்ந்து முன்னாடி பதினெட்டுப் பக்கம். கம்ப்யூட்டர் அதையும் எண்ணுது, தாள்ல போட்ட நம்பர் அதை எண்ணல. இவ்ளோதான் விஷயம். இது புரியாம நாங்க, "சி.டி.யில் பதினெட்டுப் பக்கங்கள் குறைவாக உள்ளன"ன்னு தலைமை ஆபீசுக்குக் கடிதம் எழுதினோம். டைப் அடிச்சது நான். அவங்களாவது விளக்கம் சொன்னாங்களா? இன்னொரு சி.டி. அனுப்பி வெச்சாங்க! அதையும் போட்டுப் பாத்துட்டு, "இதுலயும் பதினெட்டு கம்மி"ன்னு அலமாரில வெச்சுப் பூட்டினோம்.

அப்பதான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் முரளி வந்து தேடற வித்தையைக் காட்டினாரு. முப்பது வயசு ஆளு, நல்ல மனுஷன். ரெண்டு பொத்தானை அமுக்கினா ஒரு சின்னப் பெட்டி வருது. அதுல உத்தரவு நம்பரைப் போட்டா, டக்குனு அந்தப் பக்கத்துல போய் நிக்குது. நாங்க எல்லாரும் கை தட்டினோம். தமிழ் வார்த்தை அடிச்சா மட்டும் அந்தப் பெட்டிக்குள்ள இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் புள்ளியுமா கொசகொசன்னு தெரிஞ்சுது. "என்னங்க இது?"ன்னு கேட்டேன். "வெளிய அப்படித்தான் தெரியும் மேடம், உள்ள தமிழ்தான்"னாரு. சரின்னு விட்டுட்டேன். நம்பர் எல்லாம் கரெக்டா வருதே, அப்புறம் என்ன சந்தேகம்?

ஸ்டாக் ஃபைலுங்க சைக்கிள் ஷெட்டுக்குப் போச்சு. ஞானசேகரன் சார் திரையைப் பாக்கவே மாட்டாரு. கண்ணாடியை மேல தூக்கி, கீழ இறக்கி, முகத்தைத் திருப்பிக்குவாரு. அவருக்கு பயம், ஆனா சொல்ல மாட்டாரு. இருக்கற உத்தரவை பிரிண்ட் எடுத்துக் குடுத்தா பழையபடி ஸ்கேல் வெச்சுப் படிப்பாரு. இல்லைங்கறதை எப்படி பிரிண்ட் எடுக்கறது? "தேடினியாம்மா?" "தேடினேன் சார்." "இல்லையா?" "இல்ல சார்." கையெழுத்து. எனக்கும் கால் வலி மிச்சம். உண்மையைச் சொன்னா, சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

இப்ப மல்லிகா விஷயத்துக்கு வரேன்.

எங்க ஆபீஸ்ல ஏழுமலைன்னு ஒரு அட்டெண்டர் இருந்தாரு. பழைய கட்டடத்துல இருக்கறப்பவே, ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் போயிட்டு வரேன்னு வீட்ல சொல்லிட்டுப் போனவரு திரும்பி வரல. வேற ஊரா இருந்தா போலீஸ், ஆஸ்பத்திரின்னு பதறியிருப்பாங்க. நம்ம ஊர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "சாமியாராப் போயிட்டான்யா." சிரிச்சாங்க. செங்கம் ரோட்ல தாடியோட பாத்தேன்னு ஒருத்தர், மலை மேல குகைல பாத்தேன்னு ஒருத்தர், வாய்க்கு வந்ததை எல்லாம் அள்ளி விட்டாங்க. அந்தம்மா மல்லிகா ரெண்டு பொண்ணுங்களை வெச்சுக்கிட்டு அத்தனையையும் நம்பி, அத்தனை இடத்துக்கும் போனாங்க. காவி கட்டினவங்க சாப்பாட்டுக்கு வரிசையா உக்காந்திருந்தா, முன்னாடி நடந்து போய் ஒவ்வொரு முகமாப் பாப்பாங்களாம். ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ரூம் கூட்டற வேலை பண்ணிக்கிட்டே இதையும் பண்ணாங்க.

ஏழு வருஷம் தகவலே இல்லைன்னா, அந்த ஆளை இறந்தவரா எடுத்துக்கலாம்னு கோர்ட்ல தீர்ப்பு வாங்கலாம். வாங்கினாங்க. வாங்கிட்டு, வேலைல இருக்கறப்ப செத்தவங்க குடும்பத்துக்குத் தர்ற கருணை வேலை கேட்டு எங்க ஆபீசுக்கு மனு போட்டாங்க. மனு என் சீட்டுக்குத்தான் வந்துச்சு.

சிக்கல் இதான். சம்பவம் நடந்து மூணு வருஷத்துக்குள்ள மனு போடணும்னு விதி. ஏழுமலை போயி எட்டு வருஷம் ஆச்சு. மல்லிகா மனுல எழுதியிருந்தாங்க: காணாமல் போனவங்க குடும்பத்துக்கு, காணாமல் போன தேதிலேந்து இல்ல, கோர்ட் தீர்ப்பு தேதிலேந்து மூணு வருஷம் எண்ணணும்னு ஒரு விளக்கக் கடிதம் இருக்கு, வக்கீல் சொன்னாரு, நம்பர் தெரியாதுன்னு. இன்னும் அஞ்சு மாசம் போனா அந்தம்மாவுக்கு வேலைக்கான வயசு வரம்பும் தாண்டிடும். அப்புறம் எந்தக் கடிதம் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

நான் சி.டி.யைப் போட்டேன். 'காணாமல்'னு அடிச்சேன். இல்லைன்னு வந்துச்சு. 'தீர்ப்பு'ன்னு அடிச்சேன். அதுவும் இல்ல. மொத்தம் அரை நிமிஷம் ஆகியிருக்கும். நோட்டு போட்டேன்: "மனுதாரர் குறிப்பிடும் கடிதம் தேடிப் பார்த்ததில் கிடைக்கவில்லை. காலங்கடந்த மனு என்பதால் நிராகரிக்கலாம்." சார் கையெழுத்து, ஆபீசர் கையெழுத்து, டெஸ்பாட்ச். ஏழுமலை கைல எத்தனையோ வருஷம் டீ வாங்கிக் குடிச்சவ நான்.

பத்து நாள் கழிச்சு மல்லிகா வந்தாங்க. கைல எங்க பதில். அழுவாங்க, சத்தம் போடுவாங்கன்னு நினைச்சேன். நிதானமா நின்னாங்க.

"மேடம், கெடைக்கலன்னு எழுதியிருக்கீங்களே, எங்க தேடுனீங்க?"

"கம்ப்யூட்டர்ல தேடினேம்மா. எல்லா உத்தரவும் அதுலதான் இருக்கு."

"எத்தினி நாளு?"

எனக்கு சுருக்குன்னுச்சு. "நாள் எல்லாம் எதுக்கும்மா, அது உடனே சொல்லிடும்"னேன்.

"நானும் கோர்ட்ல கெடைக்கலன்னுதான் மேடம் சொன்னேன். விட்டாங்களா? எங்க தேடுன, எந்தத் தேதி, யாரைக் கேட்ட, போலீஸ்ல எழுதிக் குடுத்தாங்களா, பேப்பர்ல போட்டியான்னு நிக்க வெச்சு கேட்டாங்க. ஏழு வருஷம் தேடிகினே இருந்தேன்னு நான் ஒவ்வொண்ணா காட்டினேன். அப்பதான் நம்பினாங்க. நீங்க கெடைக்கலன்னா மட்டும் நாங்க அப்படியே நம்பிக்கணுமா?"

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. யாரு யாரைக் கேக்கறது? பதினாறு வருஷ சர்வீஸ் எனக்கு. "நான் என்ன பொய்யா சொல்றேன், நீயே பாரும்மா"ன்னு அந்தம்மாவை என் பக்கம் கூப்பிட்டு, திரையைத் திருப்பினேன். முதல் பக்கம் தெரிஞ்சுது. மல்லிகா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. திரைல பெருசா இருந்த எழுத்தை விரலால தொட்டு, "இது 'அரசு'தானே மேடம்? இதைத் தேடுங்க பாக்கலாம்"னாங்க.

'அரசு'ன்னு அடிச்சேன். இல்லைன்னு வந்துச்சு.

மறுபடி அடிச்சேன். இல்லை. அரசு உத்தரவுத் தொகுப்புல, கண்ணு முன்னாடி ரூபா நாணயம் அளவுக்கு எழுத்து நிக்குது, அரசுங்கற வார்த்தையே இல்லைங்குது. முரளியைக் கூப்பிட்டேன். அவரு தலையைச் சொறிஞ்சு, போன் பண்ணிக் கேட்டு, சாயங்காலம்தான் கண்டுபிடிச்சாரு. தலைமை ஆபீஸ்ல தமிழை ஒரு ஃபாண்ட்ல அடிச்சிருக்காங்க. எங்க கம்ப்யூட்டர்ல இருந்தது வேற ஃபாண்ட். பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே தமிழ். உள்ளுக்குள்ள அவங்க 'அ' வேற, எங்க 'அ' வேற. நம்பர் மட்டும் ரெண்டுலயும் ஒண்ணு, அதான் நம்பர் போட்டா வந்துச்சு. அந்த சி.டி. வந்ததுலேந்து தமிழ்ல தேடினது எதுவுமே எங்களுக்குக் கிடைச்சிருக்க வாய்ப்பில்ல.

"வெளிய அப்படித்தான் தெரியும்னு சொன்னீங்களேய்யா!"ன்னு முரளி மேல பாஞ்சேன். பாவம், அவரைச் சொல்லி என்ன? கொசகொசன்னு இருந்ததைப் பாத்துட்டு சரின்னு விட்டவ நான்தானே.

பொருளடக்கத்தைத் திறந்தேன். காணாமல் போனவங்கன்னு தனித் தலைப்பே இல்ல. கருணை வேலைங்கற தலைப்புக்குக் கீழ மட்டும் நூத்தி முப்பது பக்கம். ஒவ்வொண்ணாப் படிச்சேன். மூணு நாள் ஆச்சு. கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டுச்சு. மூணாம் நாள் மத்தியானம், ஏதோ ஒரு கடிதத்துக்கு இணைப்பா, நாலாவது பத்தில இருந்துச்சு. வக்கீல் சொன்ன அதே விஷயம், தீர்ப்பு தேதிலேந்துதான் எண்ணணும்.

பிரிண்ட் எடுத்து ஓடினேன். ஞானசேகரன் சார் முகம் மாறிடுச்சு. "ஆர்டர் போயாச்சேம்மா. திருப்பி எடுத்தா முதல் தடவை என்ன பண்ணீங்கன்னு மேல கேப்பாங்க. அவங்களே அப்பீல் போடட்டும்."

"அப்பீல் ஒரு வருஷம் ஆகும் சார். அவங்களுக்கு நாலு மாசம்தான் இருக்கு."

"ரிடையர் ஆகற வயசுல என்னை மெமோ வாங்க வெக்கறியா?"

"எனக்கு வரட்டும் சார் மெமோ. தேடினது நான். நீங்க கையெழுத்துதானே போட்டீங்க!" கத்திட்டேன். செக்‌ஷன் முழுக்க பேனா நின்னு போச்சு. அவர்கிட்ட நான் குரல் ஒசத்தினது அதுதான் முதல் தடவை.

அவரு டிராயரைத் திறந்து ஸ்கேலை எடுத்தாரு. வரிக்குக் கீழ வெச்சு ரெண்டு தடவை படிச்சாரு. நான் எழுதின புது நோட்டுல, "முன்பு தேடிய முறை தவறு"ன்னு இருந்ததுக்குக் கீழ, அவர் கையால "நானும் சரிபார்க்கவில்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. ரெண்டு பேருக்கும் மெமோ வந்துச்சு. விளக்கம் எழுதிக் குடுத்தோம். மல்லிகாவுக்கு ஆர்டர் வந்தப்ப வயசு வரம்புக்குப் பதினோரு நாள் மிச்சம். எங்க ஆபீஸ்லயே அட்டெண்டரா சேர்ந்தாங்க.

இத்தோட முடிஞ்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். எனக்கு தூக்கமே வரல. டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரை எடுத்து, அந்த சி.டி. வந்த பிறகு "தேடிப் பார்த்ததில் கிடைக்கவில்லை"ன்னு போன பதிலை எல்லாம் பொறுக்கினேன். மல்லிகாவோடதைத் தவிர, தமிழ்ல தேடி எழுதினது ஒன்பது. ஒன்பதுக்கும் நோட்டு போட்டது நானே. ஒருத்தர் கூடத் திரும்பி வந்து கேக்கல. கவர்மெண்டே இல்லைன்னு சொல்லிடுச்சுன்னு மடிச்சு வெச்சுட்டுப் போயிட்டாங்க.

ஒன்பதையும் மறுபடி பொருளடக்கத்துலேந்து படிச்சேன். ஆறுக்கு நிஜமாவே ஒண்ணும் இல்ல. மூணு பேருக்கு இருந்துச்சு. மூணு பேருக்கும், திரும்ப மனு போடுங்கன்னு எழுதினோம். ரெண்டு பேர் வந்தாங்க. மூணாவது ஆளு குப்புசாமி, தண்டராம்பட்டு பக்கம், எங்க கிளை ஆபீஸ்ல தினக்கூலிக்குப் பெருக்கினவரு, வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதியிருந்தவரு. அவருக்குப் போட்ட கடிதம், ஆள் அங்க இல்லைன்னு திரும்பி வந்துச்சு.

மேஜை மேல கிடந்த அந்தக் கவரை மல்லிகா பாத்தாங்க. "அட்ரஸை எழுதிக் குடுங்க மேடம், ஞாயித்துக்கெழம போயி பாத்துட்டு வரேன்"னாங்க. வேணாம்மா, உனக்கு எதுக்கு அலைச்சல்னு சொன்னேன். கேக்கல.

மூணு ஞாயித்துக்கிழமை போனாங்க. அடுத்த திங்கக்கிழமை ஒரு நோட்டுத் தாளை என் மேஜைல வெச்சாங்க. பென்சில்ல எழுதியிருந்தாங்க. முதல் வாரம் அவரு குடியிருந்த வீட்டு ஓனர், ரேஷன் கடைக்காரர். ரெண்டாவது வாரம் தங்கச்சி வீட்டுக்காரர். மூணாவது வாரம் மாமனார் ஊரு, அங்க ரெண்டு பேரு. யார் யார் என்ன சொன்னாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனதா தங்கச்சி வீட்ல சொல்லியிருக்காங்க. கடைசி வரில, கிடைக்கலைன்னு எழுதல. "பெங்களூர்ல இன்னும் பாக்கல"ன்னு எழுதியிருந்தாங்க.

அந்தத் தாளை அப்படியே ஃபைல்ல வெச்சுத் தெச்சேன். வருஷா வருஷம் முடிஞ்ச ஃபைலை எல்லாம் கட்டி அனுப்பச் சொல்லுவாங்க. நான் ரிடையர் ஆகற வரைக்கும் குப்புசாமி ஃபைலை முடிக்கல. ஏன் இன்னும் நிக்குதுன்னு ஆடிட்ல கேட்டாங்க. இன்னும் தேடி முடியலைன்னு எழுதிக் குடுத்தேன்.